கடன் வாங்கிக் கழித்தல்

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சண்முகம்,

இங்கு அனைவரும் நலம். உன் பேரன் "எனக்குக் கணக்கு வராது" என்று புத்தகத்தை மூடிவிடுகிறான் என்றும், நீ எவ்வளவோ தைரியம் சொல்லியும் பயனில்லை என்றும் எழுதியிருந்தாய். முப்பது ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்த நானும் அதே தைரியத்தைத்தான் வகுப்பு வகுப்பாக வழங்கினேன். அதனால் ஒருவனாவது கூடுதலாக ஒரு கணக்குப் போட்டதாக நினைவில்லை.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் பற்றி ஓய்வுக்குப் பிறகுதான் அறிந்தேன். பாம்பென்றால் நடுங்குபவர்களைப் படிப்படியாகப் பாம்பைத் தொடவைத்த ஆய்வுகளை வைத்து, 'இந்த வேலையை என்னால் செய்ய முடியும்' என்ற கணிப்பை, 'இதைச் செய்தால் இந்தப் பலன் கிடைக்கும்' என்ற எதிர்பார்ப்பிலிருந்து அவர் பிரித்துக் காட்டுகிறார். அந்தக் கணிப்பைப் பெரிதும் உறுதிப்படுத்துவது, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். தன்னையொத்த ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பதும் உதவும். நாம் வாரி வழங்கும் ஊக்கச் சொல்லுக்கு அவ்வளவு வலு இல்லை.

1981-இல் அவரும் டேல் ஷுங்க் என்பவரும் கழித்தல் வராத பிள்ளைகளிடம் 42 பக்கப் பயிற்சியை 7 அமர்வுகளில் செய்யக் கொடுத்தார்கள். சிலரிடம் அமர்வுக்கு 6 பக்கம் என்றும், வேறு சிலரிடம் கடைசி அமர்வுக்குள் 42 பக்கமும் என்றும் சொன்னார்கள். பக்கமும் நேரமும் ஒன்றுதான். ஆனால் ஆறு பக்க இலக்கு பெற்றவர்களே விடையிலும், தங்கள் திறமையைப் பற்றிய நம்பிக்கையிலும், கணக்கின் மேல் விருப்பத்திலும் முந்தினார்கள்.

பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் இதைச் செய்து பார்த்தேன். 502-இல் 178 போக வேண்டும். ஒன்றாமிடத்துக்குக் கடன் கேட்டால் பத்தாமிடத்தில் பூஜ்ஜியம் நிற்கிறது, தன்னிடமே இல்லாதவன் எப்படிக் கொடுப்பான் என்று அவள் திகைத்து, எழுதியதை இடக்கையால் மறைத்துக்கொண்டாள். அந்தக் கணக்கை ஒதுக்கி, முதலில் 52-இல் 18, அடுத்த நாள் 520-இல் 178 என்று கொடுத்தேன். மூன்றாம் நாள் 502 திரும்ப வந்தபோது, 324 என்று எழுதிவிட்டுக் கையைத் தாளிலிருந்து எடுத்தாள்.

ஆனால் இதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நன்றாகப் போடுகிறவனுக்கு நம்பிக்கை தானாகவே வரும் என்பதால், இரண்டும் சேர்ந்து காணப்படுவதை மட்டும் வைத்து எது முந்தியது என்று சொல்லிவிட முடியாது. தவிர, ஜெஃப்ரி வான்கூவர் என்பவர் ஓர் ஊகித்தறியும் விளையாட்டை வைத்துச் செய்த ஆய்வில், ஒருவருக்கு நம்பிக்கை ஏறிய பின் அடுத்த ஆட்டம் சறுக்கியது. எல்லாம் தெரியும் என்று தேர்வுக்கு முதல்நாள் கிரிக்கெட் ஆடப் போன நம் வகுப்புத் தோழர்களை நீ மறந்திருக்க மாட்டாய். அதில் நீயும் ஒருவன்.

காலாண்டு விடுமுறையில் பேரனை இங்கே அனுப்பு. புதுப் புத்தகம் எதுவும் வேண்டாம். அவனுடைய பழைய கணக்கு நோட்டைக் கொடுத்துவிடு, எந்தப் பக்கத்தில் நின்றுபோனான் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
வேலாயுதம்