தொட்டுக்கொள்ளாத குச்சிகள்

அன்புள்ள மாப்ளே,

கால்கட்டுப் பிரித்தாயிற்று என்று நீ எழுதியதைப் படித்ததும்தான் நிம்மதி. இன்னும் கொஞ்ச நாளைக்கு மாடிப்படியில் வீரம் காட்டாதே.

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் காரணம் 6 மூங்கில் குச்சிகள். சிரிக்காதே. போன முறை நீ வந்தபோது, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கோத்து 20 முக உருவம் ஒன்று செய்து வைத்திருந்தேன், ஞாபகம் இருக்கா? அறிவியல் பொம்மைகள் செய்யும் அரவிந்த் குப்தா, மத்தியப் பிரதேசத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பரப்பிய வித்தை அது. இப்போது செய்வது அதற்கும் மேலே ஒரு படி.

6 குச்சி, 24 நூல், அவ்வளவுதான். எந்தக் குச்சியும் இன்னொன்றைத் தொடாது. நூலின் இழுப்பிலேயே எல்லாம் அந்தரத்தில் நிற்கும். அமுக்கினால் அமுங்கி, விட்டதும் எழும். கென்னத் ஸ்னெல்சன் மாணவராக இருந்த 1948-லேயே இந்த வகையில் சிற்பம் செய்துவிட்டார். அவருடைய ஆசிரியர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் இதற்கு 'டென்செக்ரிட்டி' என்று பேர் வைத்தார், இழுப்பால் கட்டுக்கோப்பாக நிற்பது என்ற பொருளில். பேர் வைத்தவருக்கே புகழும் போய்ச் சேர்ந்தது. ஸ்னெல்சன் வருத்தப்பட்டதில் தப்பே இல்லை. அவர் 1968-இல் அலுமினியக் குழாயிலும் கம்பியிலும் எழுப்பிய ஊசிக் கோபுரம் வாஷிங்டனில் நிற்கிறது, ஏறக்குறைய 18 மீட்டர் உயரம்!

என்னுடையது ஒரு பூசணிக்காய் அளவுதான். குச்சி 30 செ.மீ. என்றால் நூல் 18.4 செ.மீ. என்று கணக்குப் போட்டு, 24 நூலையும் அளந்து வெட்டினேன். முடிச்சு தின்னும் நீளத்தை மறந்தே போனேன். அதற்கும் விட்டுக் கட்டினால், ஒரு முடிச்சு இறுக்கம், ஒன்று தளர்ச்சி. ஒரு பக்கம் விறைத்துக்கொண்டது, மறுபக்கம் தொங்கியது. மூன்று தடவை பிரித்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது: முதலில் எல்லா இடத்திலும் ஒரே அளவு ரப்பர் பேண்டை மாட்டினேன். உருவம் தானாகவே எழுந்து சமனாக நின்றது. பிறகு ஒவ்வொரு ரப்பராகக் கழற்றி அந்த இடத்தில் நூலைக் கட்டினேன். கடைசி நூலை இழுத்து முடிந்தபோது, அதுவரை நொளநொளவென்று இருந்தது சட்டென்று விறைத்தது பார், அதற்காக இன்னும் மூன்று தடவை பிரிக்கலாம்.

"இதுல துணியாவது காயப்போடலாமா?" என்று கேட்டாள் உன் தங்கச்சி. ஆனால் தினமும் தூசி தட்டுவது அவள்தான்.

அடுத்தது 30 குச்சி, 90 நூல். பருத்தி நூல் இரண்டே நாளில் தளர்ந்துவிடுகிறது. தூத்துக்குடியில் வலை பின்னுகிற நைலான் நூல் கிடைக்குமே, மெல்லிசாக ஒரு கண்டு வாங்கி அனுப்பு. பணம் அனுப்புகிறேன் என்று சொன்னால் திட்டுவாய், அதனால் சொல்லவில்லை.

உன்
மாப்ளே