டப்பாவில் முகம் இல்லாதவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், தலைமுடிக் களிம்பு விற்றுப் பெரிய ஆளான அமெரிக்கக் கறுப்பினப் பெண் மேடம் சி.ஜே. வாக்கர் பற்றி வந்த கட்டுரையை எங்கள் பார்லரில் ஒருத்தி உரக்க வாசிக்க, மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டோம். 1912இல் சிகாகோவில் நடந்த கறுப்பின வணிகர் மாநாட்டில், அந்த மக்களின் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் பேச இடம் தராமல் போக்குக் காட்ட, வாக்கர் தானே எழுந்து, பருத்திக் காட்டிலிருந்தும் துணி வெளுக்கும் தொட்டியிலிருந்தும் வந்தவள் நான் என்று பேசினாரே, அந்த இடத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னோம்.

ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. முடியை நேராக்கும் சூட்டுச் சீப்பை அவர் கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அவர் தொழிலுக்கு வருமுன்பே அது விற்பனையில் இருந்தது. தன்னை 'முடியை நேராக்குகிறவர்' என்று சொல்வதே அவருக்குப் பிடிக்காது. அவர் கவனமெல்லாம் தலைத்தோலின் மேல்தான். அந்தக் காலத்தில் பல வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை தலைக்குக் குளித்தால் பெரிது, அதுவும் காரமான சோப்பில். பொடுகு, அரிப்பு, புண், அப்புறம் முடி கொட்டாமல் என்ன செய்யும்? அடிக்கடி அலசு, பிறகு களிம்பைத் தேய் என்றார் வாக்கர். களிம்பில் கந்தகம் இருந்தது. இன்றும் சில பொடுகு மருந்துகளில் அது உண்டு. 22 வருடமாக இதே தொழிலில் இருக்கும் எனக்கு அதில் மாயம் எதுவும் தெரியவில்லை, நல்ல புத்தி தெரிகிறது.

இரண்டாவதுதான் பெரிய குறை. ஆனி டர்ன்போ மலோன் என்ற பெயர் கட்டுரையில் ஓர் இடத்திலும் இல்லை. இல்லினாய் மாநிலத்தில் பிறந்த இந்தக் கறுப்பினப் பெண், 1902இல் செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்து, வீடு வீடாகப் போய் இலவசமாகத் தலையில் தேய்த்துக் காட்டித் தன் சரக்கை விற்றார். விற்பதற்குப் பெண்களைப் பழக்கினார். அப்படி அவரிடம் ஏஜெண்டாகச் சேர்ந்தவர்களில் ஒருவர்தான், அப்போது துணி வெளுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த சாரா பிரீட்லவ், அதாவது பிற்கால வாக்கர். 1905இல் டென்வருக்குப் போன சாரா, மறுவருடமே சொந்தச் சரக்கில் இறங்கிவிட்டார். 'அற்புதமாக முடி வளர்ப்பது' என்ற பெயர் இருவர் களிம்பிலும் இருந்தது. போலிகள் பெருகிவிட்டதைப் பார்த்து ஆனி அதே 1906இல் 'போரோ' என்ற பெயரைப் பதிவு செய்துகொண்டார்.

வாக்கரைக் குறை சொல்லவில்லை. முதலாளியிடம் கற்றுத் தனிக்கடை போடுவது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது. என்னிடம் கற்ற பெண் ஒருத்தி அடுத்த தெருவிலேயே கடை வைத்திருக்கிறாள், சரி, நன்றாக இருக்கட்டும். ஆனால் ஆனி ஏன் மறக்கப்பட்டார் என்பதையாவது எழுதியிருக்கலாம். வாக்கர் தன் பெயரையும் முகத்தையும் டப்பாவின் மேலேயே போட்டார். ஆனியின் டப்பாவில் இருந்தது 'போரோ'. வாக்கர் 1919இல், 51 வயதில், புகழின் உச்சத்தில் இறந்தார். ஆனியோ 1918இல் செயின்ட் லூயிஸில் போரோ கல்லூரியைக் கட்டினார். நகரத்து ஓட்டல்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்காத நாளில் அவர்கள் கூடுவதற்கு அங்கே அரங்கமும் சாப்பாட்டுக் கூடமும் இருந்தன. 1927இல் விவாகரத்து, கணவர் தொழிலில் பாதியைக் கேட்டார், 2 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. பிறகு வரி பாக்கி. 1930இல் சிகாகோவுக்கு மாறி, 1957இல் அங்கேயே இறந்தார். அவர் உதவிய அனாதை இல்லம் செயின்ட் லூயிஸில் இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முடியாவிட்டால், வாக்கர் கையில் உங்கள் ஓவியர் கொடுத்திருக்கும் அந்தச் சீப்பையாவது அடுத்த முறை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பார்லர் நடத்தும் ஒரு வாசகி,
திண்டுக்கல்