சிந்திய அரிசி: 'செவன் சாமுராய்' பார்த்துவிட்டு மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

சனிக்கிழமை ராத்திரி ஒருவழியாக 'செவன் சாமுராய்' பார்த்து முடித்தேன். 1954இல் வந்த ஜப்பானியக் கறுப்பு வெள்ளைப் படம், 207 நிமிடம் வேறு என்று நான் எத்தனை நாள் தட்டிக் கழித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். இடைவேளைக்கான எழுத்து திரையில் வந்தபோதுதான் தண்ணீர் குடிக்கவே எழுந்தேன்.

வாள்சண்டைப் படம் என்று நினைத்து உட்கார்ந்தேன். பார்க்கப் பார்க்க அரிசியைப் பற்றிய படமாகத்தான் எனக்குப் பட்டது. ஒரு விவசாயக் கிராமத்தைக் காக்க, நாற்பது கொள்ளைக்காரர்களை எதிர்த்து உயிரைக் கொடுக்க வருகிற ஏழு சாமுராய்களுக்கு, அதாவது வாள்வீரர்களுக்கு, கூலி வெறும் சோறு. அந்தச் சோற்றை இவர்களுக்கு வடித்துப் போட்டுவிட்டு விவசாயிகள் குதிரைவாலி மாதிரி ஏதோ ஒரு சிறுதானியத்தைத் தின்கிறார்கள். இதை ஒருவன் கத்திச் சொன்னதும், அவர்களின் தலைவர் கம்பேய் அந்தச் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வாங்கி, 'இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன்' என்கிறார். ஒப்பந்தம் அவ்வளவுதான். கம்பேயாக நடித்த தகாஷி ஷிமுராவின் முகத்தில் அப்போது வீரம் எதுவும் தெரியவில்லை மாமா. கடன்பட்டவர் முகம் மாதிரி இருந்தது.

யோஹேய் என்ற விவசாயி காவல் காத்த அரிசி திருடு போகிற இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். பலகைத் தரையில் சிதறிக் கிடக்கிற மணிகளை அந்த மனிதர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார். இயக்குநர் குரோசவா அவசரப்படவே இல்லை. சண்டைக் காட்சிக்குக் கொடுக்கிற அதே கவனத்தை அந்த விரல்களுக்கும் கொடுக்கிறார்.

அப்புறம் ஏழாவது ஆளான கிகுசியோ. முதல் ஒரு மணி நேரம் அந்த வேடத்தில் வரும் டொஷிரோ மிஃபுனேயை எனக்குப் பிடிக்கவே இல்லை. குதிக்கிறார், குடிக்கிறார், கத்துகிறார். விவசாயிகள் ஒளித்துவைத்த கவசங்களை அவர் தூக்கிக்கொண்டு வருகிற காட்சியில்தான் எல்லாம் மாறியது. தோற்று ஓடிவந்த சாமுராய்களைக் கொன்று எடுத்தவை அவை என்று தெரிந்ததும் மற்றவர்கள் முகம் இறுகிவிடுகிறது. கிகுசியோ வெடிக்கிறார். விவசாயி பொய் சொல்வான், அரிசியை ஒளித்துவைப்பான், கஞ்சன், கொலைகாரன். சரி, அவனை அப்படி ஆக்கியது யார்? நீங்கள்தானே! ஊரைக் கொளுத்தியது, விளைச்சலைப் பிடுங்கியது, பெண்களைத் தூக்கிப்போனது எல்லாம் நீங்கள்தானே! கம்பேய் கண்கலங்கி, 'நீ விவசாயி மகன்தானே?' என்று கேட்கிறார். சாமுராய்களின் கொடியில் மற்ற ஆறு பேரைக் குறிக்கும் ஆறு வட்டத்துக்குப் பக்கத்தில் இவருக்கு மட்டும் ஏன் முக்கோணம் என்று சிரித்திருந்தேன். பிற்பாடு, தண்ணீரால் ஓடுகிற மாவு ஆலை எரிய, அதற்கு முன்னால், செத்துப்போகிற தாயிடமிருந்து வாங்கிய குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடைக்குள் உட்கார்ந்து, 'இது நான்தான்' என்று அழும்போது எனக்கு மூச்சே வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். ஏழு பேரில் செத்த நால்வரும் துப்பாக்கிக் குண்டில்தான் விழுகிறார்கள். ஒருவரைக்கூட வாளால் வெல்ல முடியவில்லை. வாள்வீச்சில் எல்லோரையும்விடத் தேர்ந்த க்யூசோ மாதிரி ஒருவன் அந்தச் சேற்றில், ஒளிந்திருந்து சுட்டவன் கையால் சாகும்போது எனக்குக் கோபம் பொங்கியது. அது பதினாறாம் நூற்றாண்டின் கடைசிக் காலம், துப்பாக்கி ஜப்பானுக்கு வந்து சில பத்தாண்டுகள் ஆகிவிட்டன என்று பிறகு படித்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. முதல்தடவை பார்த்தபோது உங்களுக்கும் அப்படி இருந்ததா?

கடைசியில் நடவு நடக்கிறது. மேட்டில் நான்கு கல்லறைகள், உச்சியில் வாள்கள். 'இந்தத் தடவையும் நமக்குத் தோல்விதான், ஜெயித்தது அந்த விவசாயிகள்' என்கிறார் கம்பேய். எல்லோரும் அந்த வசனத்தைத்தான் சொல்கிறார்கள். நான் ரிகிச்சி என்ற விவசாயியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொள்ளைக்காரர்கள் தூக்கிப்போன தன் மனைவி மானம் தாங்காமல் தீக்குள் திரும்பி ஓடியதைக் கண்ணால் பார்த்தவன் அவன். அவன்தான் வயலில் எல்லோருக்கும் முன்னால் நின்று உரக்கப் பாடுகிறான்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வருகிறேன் மாமா. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டுமாவது உங்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்