வீடு தேடி வரும் அதிகாரிகளுக்கு முதியோர் மனநலமும் கற்றுக்கொடுங்கள்

மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சுக்கும் சமூக நல இலாகாவுக்கும் வணக்கம்.

கோலாலம்பூரில் செந்தூல், பத்து வட்டாரங்களில், குறைந்த வருமானத்தினருக்கு அரசாங்கம் கட்டிய பிபிஆர் அடுக்குமாடிகளில் வயதானவர்களைப் பார்க்கப் போகும் தொண்டர்களில் நானும் ஒருவர். உதவித்தொகைக்காக உங்கள் அதிகாரிகள் வீடு தேடி வந்து விசாரிப்பதைப் பார்த்திருக்கிறேன். வருமானம் எவ்வளவு, பிள்ளைகள் எங்கே, யார் சமைக்கிறார்கள் என்று பொறுமையாகத்தான் கேட்கிறார்கள். கிளினிக் பக்கமே போகாத பெரியவர்கள்கூட அவர்களுக்குக் கதவைத் திறக்கிறார்கள். அதனால்தான் இதை மருத்துவமனைகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அந்த அதிகாரிகளுக்கும் முதியோர் இல்லப் பணியாளர்களுக்கும் முதியோர் மனநலத்தில் முறையான பயிற்சி கொடுங்கள்.

2018-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் 11.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அறிகுறிகளும் 8.5 விழுக்காட்டினரிடம் மறதிநோய் அறிகுறிகளும் தென்பட்டன. ஆனால் நம் பெரியவர்கள் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லப்போவதில்லை. உடம்பெல்லாம் வலி, சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை என்பார்கள். நடுவில் "நான் இருந்து யாருக்கு என்ன?" என்று ஒரு வார்த்தை வரும். பயிற்சி பெற்றவர் அந்த இடத்தில் நின்று, "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேட்பார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது சட்டப் பிரிவை 2023-இல் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. இனியும் தயங்க வேண்டியதில்லை.

அப்புறம், திடீர்க் குழப்பம். எங்களுக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் ஒரு தாத்தா இரண்டே நாளில் ஆளே மாறிப்போனார். ராத்திரியெல்லாம் யாரையோ கூப்பிட்டார், பகலில் எழுப்பினாலும் எழவில்லை. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் சிறுநீர்த் தொற்று. மறதிநோய் பெரும்பாலும் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் வளர்வது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஒருவர் தடுமாறினால் தொற்று, நீரிழப்பு, புது மருந்து, சர்க்கரை இறங்கியது என்று உடம்பில்தான் முதலில் தேட வேண்டும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த ஒரு பாடமே பல உயிர்களைக் காப்பாற்றும்.

குடியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். தோட்டத்துக் காலத்திலிருந்து சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்துப் பழகியவருக்கு, எழுபது வயதில் அதே அளவு இன்னும் கடுமையாக ஏறும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து. நல்லெண்ணத்தில் "இன்றோடு நிறுத்துங்கள்" என்று அதட்டுவதும் ஆபத்துதான், ஏனென்றால் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும் என்பது வீட்டுக்கு வரும் அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாபகச் சோதனையிலும் கவனம் தேவை. பள்ளிக்கூடம் அதிகம் போகாமல் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய பாட்டியிடம் மலாயில் தேதியும் கழித்தல் கணக்கும் கேட்டு, அவர் முழித்தால் அது நோயாகிவிடாது. காது கேட்காததாலும் பதில் வராமல் போகும். தமிழில் கேட்கவும், படிப்புக்கும் காதுக்கும் ஏற்ப முடிவெடுக்கவும் பழக்குங்கள்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். சுங்கை பீசியில் உங்கள் அமைச்சின் பயிற்சி நிலையமான மலேசிய சமூகக் கழகம் இருக்கிறது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975 முதல் சமூகப்பணி கற்பித்து வருகிறது. ஆனால் ஒருநாள் மண்டபக் கூட்டத்தோடு முடித்துவிடாதீர்கள். பயிற்சிக்குப் பிறகு மாதம் ஒருமுறையாவது, தாங்கள் பார்த்த குடும்பங்களைப் பற்றி அனுபவசாலி ஒருவரோடு அவர்கள் பேச வேண்டும். யாரை அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்புவது, யாரை மெந்தாரி மனநல மையத்துக்கு அனுப்புவது என்ற வழியும் கையில் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் உட்கார்ந்து பேச நேரமும் கொடுங்கள்.

செந்தூலில் முதல் குழுவைத் தொடங்குங்கள். வீட்டுச் சந்திப்புகளில் தமிழில் பேசித் துணை நிற்க எங்கள் தொண்டர்கள் கூட வருகிறோம்.

இப்படிக்கு,
செந்தூல் தொண்டர் ஒருவர்