எதிர்ப்புச் சக்தியும் டெங்குக் காய்ச்சலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி நெருங்கினால் போதும், உங்கள் மருத்துவப் பக்கத்தில் 'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் உணவுகள்' வந்துவிடும். கஞ்சியும் பழமும் சாப்பிடச் சொல்வதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. 'கூட்டுங்கள்' என்பதுதான் இடிக்கிறது. இங்கே பாமசிக்கு வருகிறவர்களும் அதே சொல்லைச் சொல்லித்தான் பிள்ளைக்குப் பாணி மருந்து கேட்கிறார்கள்.

எதிர்ப்புச் சக்தி சேர்த்து வைக்கிற சாமான் இல்லை. வெண்குருதிக் கலங்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லி நடத்துகிற வேலை அது. சேதி கொண்டுபோவது சைற்றோகைன் எனப்படும் சின்னப் புரதங்கள். ஒரு கலம் வெளிவிடும். அதைப் பிடிக்கும் வாங்கி (றிசெப்டர்) மேற்பரப்பில் உள்ள கலம் மட்டும் பிடித்துக்கொள்ளும். 1957 இல் லண்டனில் ஐசக்சும் லிண்டன்மானும் கோழிக்கருவின் சவ்வில் கண்டுபிடித்த இன்ரபெரோன் இந்த வகைதான்: வைரசு தீண்டிய கலங்கள் விட்ட ஏதோ ஒன்று, தீண்டாத கலங்களை முன்கூட்டியே தயார்ப்படுத்தியது. இன்ரலூக்கின்-6 போய் ஈரலிடம் சொல்ல, ஈரல் சி.ஆர்.பி என்ற புரதத்தைச் செய்கிறது. இரத்தப் பரிசோதனைத் துண்டில் 'சி.ஆர்.பி கூட' என்று வருவது அதனால்தான். காய்ச்சலே இப்படி மூளைக்குப் போன ஒரு சேதியின் விளைவு.

வயலில் யானை இறங்கினால் ஒரு காவல் கொட்டிலில் வெடி போடுவார்கள், அடுத்த கொட்டில்காரர் எழும்புவார். யானை போன பிறகும் வெடி நிற்காவிட்டால் வைக்கோல்போர்தான் எரியும். நிறுத்தச் சொல்லவும் உடம்பில் சேதி உண்டு, இன்ரலூக்கின்-10 அதிலொன்று.

கடுமையான டெங்குவில் இந்தச் சேதிகள் அளவுமீறிப் போகின்றன. இரத்தக் குழாய்ச் சுவர் இளகி, திரவம் நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் கசிகிறது. அதுவும் எப்போது? பெரும்பாலும் 3 முதல் 7 ஆம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் வேளையில். வைரசு அப்போது குறைந்துகொண்டுதான் இருக்கும். நாங்களோ 'காய்ச்சல் விட்டிட்டுது' என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம், பெரியவர்கள் வயலுக்கு இறங்குகிறார்கள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்பது 'பிளேற்லற் எத்தனை' என்று. கசிவைக் காட்டுவது பி.சி.வி, அதாவது இரத்தத்தில் செங்குருதிக் கலங்களின் பங்கு, ஏறுவது; அதைக் கேட்பார் இல்லை. டெங்கு வைரசில் 4 வகை. ஒரு வகை வந்து போனவருக்கு வேறு வகை வந்தால் ஆபத்துக் கூட. முதல் தடவை உண்டான பிறபொருளெதிரிகளே (அன்ரிபொடி) வைரசு கலங்களுக்குள் புக உதவிவிடும். அப்படியிருக்க, எதைக் கூட்டச் சொல்கிறோம்?

2017 இல் இலங்கை முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு கண்டது. எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்க உட்கிராமங்களில் இரவில் வயிற்றுவலி தொடங்கினால் வாகனம் பிடிப்பதே பெரும்பாடு.

ஆகவே இம்முறை அந்த உணவுப் பட்டியலுக்குப் பதிலாக ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். காய்ச்சல் இறங்கும் நாட்களில் கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, பல் முரசில் இரத்தம், சலம் குறைதல், சோர்வு அல்லது அந்தரப்படுதல் என்று எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், அதுவும் அளவோடு. டைக்குளோபெனாக், இபுபுரூபன் போன்ற நோமருந்துகள் வேண்டாம். காலபோக விதைப்புக்கு முன் வந்தால் நல்லது, பிறகு பத்திரிகை வாசிக்க இங்கே ஒருவருக்கும் நேரம் இராது.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
மல்லாவி.