உன் ஓ.பி.யில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறவர்கள்

பாப்பாவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டால் "ம், இருக்கேன்ப்பா" என்பாய், அதனால் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய், த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போடணும் என்று வைத்துவிட்டேன். ஓ.பி.யில் ஒரு காலையில் 120 நோயாளிகளைப் பார்க்கிறேன்ப்பா, பாதிப்பேர் வயசானவர்கள், பிரஷர் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருக்கிறார்கள், இவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டாயே, அது. கோபத்தில் கேட்கவில்லை, அசதியில் கேட்டாய், தெரியும். ஆனாலும் மூணு நாளாக அது என்னைவிட்டுப் போகவில்லை. இங்கே உன் அப்பத்தாவும் வேறொரு டாக்டர் முன்னால் அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறது.

முதலில் அந்த மஞ்சப்பை கதையைச் சொல்கிறேன், உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. போன பங்குனியில் அப்பத்தாவுக்குக் கால் இரண்டும் வீங்கிப்போய் செருப்பு நுழையவில்லை. டவுனில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், எக்கோ, கிட்னி டெஸ்ட் எல்லாம் எடுத்து 4,800 ரூபாய் ஆனது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, நீர் போகிறதுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டதிலிருந்து ராத்திரி அஞ்சாறு தடவை எழுந்து, ஒருநாள் கொல்லைப்பக்கம் போகும்போது விழுந்தது. நல்லவேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை. அப்புறம் நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அந்த பி.எச்.சி.க்கு, புதிதாக வந்திருந்த டாக்டர் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், "பாட்டி, பையைக் கொடுங்க" என்று வாங்கி மேஜையில் அப்படியே கொட்டியது. ஏழு அட்டை, நாலு இடத்தில் வாங்கினது. அதில் இரண்டு அட்டை ஒரே மருந்து, பேர்தான் வேறே. அம்லோடிபின், பிரஷர் மாத்திரை. வீட்டுக்கு வந்து கொடுக்கிற அட்டை ஒன்று, டவுன் டாக்டர் எழுதிக் கொடுத்த கம்பெனி மாத்திரை ஒன்று, அஞ்சு மாசமாக இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறது. அந்த மருந்தே கால் வீங்க வைக்குமாம், நீ படித்தவள், உனக்குத் தெரியும். வீக்கத்துக்கு நீர் மாத்திரை, அந்த மாத்திரையால் விழுந்தது, விழுந்ததற்கு வலி மாத்திரை. அந்தப் பொண்ணு மூணு அட்டையை எடுத்து ஓரம் வைத்துவிட்டது, பத்து நாளில் வீக்கம் வடிந்தது. ஒரு பைசா செலவில்லை.

அப்பத்தா ஊர் பூராவும் சொன்னது என்ன தெரியுமா? மாத்திரையைக் குறைத்ததை இல்லை. "அந்தப் புள்ள என் பைக்குள்ள கையை விட்டுப் பாத்துச்சுடா." அவ்வளவுதான். காலுக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டர் என்று எல்லாரும் ஆளுக்கொரு துண்டைப் பார்க்கிறார்கள், மொத்த ஆளையும் ஒருத்தராவது பார்க்கணும் என்பதுதான் இந்தக் கிழடுகளின் ஆசை, அதைச் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று நேரம். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒன்று என்று நீங்கள் சீட்டில் எழுதிவிடுகிறீர்கள். மேலத்தெருப் பெரியப்பா காலை ஆறு மணிக்கே சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார். வருகைக்குப் போட்டோ எடுக்கிற நேரத்துக்கு அங்கே நிற்கணும், தூக்குச்சட்டியில் இருக்கிற பழையதைப் பத்தரைக்குத்தான் திறப்பார். கண்மாய்க் கரையில் வேர்த்து விறுவிறுத்துச் சுருண்டுவிட்டார், பக்கத்தில் இருந்த பொம்பளைகள் பேய் அறைஞ்சிருச்சு என்று வேப்பிலை தேடப் போய்விட்டார்கள், யாரோ ஒரு பிள்ளை மிட்டாயை வாயில் போட்டதால் பிழைத்தார். டாக்டர் தப்பாக எழுதவில்லை. "எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்கவில்லை, அதுதான். ஓ.பி.க்கு வரணும் என்றாலும் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வரணும். பொம்பளைகளுக்கு 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, பெரிய உதவி, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பஸ் 7.40-க்கு ஒன்று, அதை விட்டால் 1.15-க்கு. ரத்தம் எடுத்தாச்சு, ரிசல்ட்டுக்கு நாளைக்கு வாங்க என்று நீ லேசாகச் சொல்வாய், அந்த நாளைக்கு என்கிற வார்த்தையில் ஆட்டோக்காசு 250 ரூபாய் இருக்கிறது.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள்தான் நாங்கள். மூட்டுவலிக்கு ஒருத்தன் ஊசி போடுகிறான், மறுநாளே ஓடலாம் என்று கூட்டம் போகிறது. அது ஸ்டீராய்டு, சுகரை ஏற்றிவிடும் என்று நீதான் சொன்னாய். நான் சொன்னால் எவன் கேட்கிறான்? கைராசி என்பார்கள்.

கைராசி என்றதும் நம்ம பழைய டாக்டர் ஞாபகம் வருகிறது. நீ சின்னப்பிள்ளையில் பார்த்திருப்பாய். ரோஸ் கலர் மிக்சரை பாட்டிலில் ஊற்றி, அளவு தெரிவதற்குக் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுப்பார் கம்பவுண்டர். அந்த டாக்டர் ஒன்றும் பெரிய மேதை இல்லை, எல்லாருக்கும் ஒரே சத்து ஊசிதான் போட்டார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் 2005-ல் உன் தாத்தாவுக்கு முடியாமல் போனபோது, 108 எல்லாம் வராத காலம், கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோக நாங்கள் துடித்தோம். அவர் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, நான் சாயங்காலம் வர்றேன்" என்றார். வந்தார். பதினொரு நாளும் வந்தார். தாத்தா தன் கட்டிலில், தன் திண்ணையில் போனார். இங்கே இருக்கிற ஒவ்வொரு கிழடுக்கும் உள்ளூர அந்தப் பயம்தான், தெரியாத ஊரில், தெரியாத முகத்துக்கு நடுவில், மூக்கில் குழாயோடு போய்விடுவோமோ என்று. இனிமேல் அலைய வேண்டாம் என்று உண்மையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நம்மை முன்னேபின்னே தெரிந்தவராக இருக்கணும். தெரியாதவர் சொன்னால் கைகழுவுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு கொஞ்சம் மாறியிருக்கிறது. உன் பக்கத்து மாவட்டத்தில்தானே ஆரம்பித்தார்கள், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி. இங்கே வருகிற அக்கா நம்ம பக்கத்து ஊர்தான். எந்த வீட்டில் மகன் திருப்பூரில், எந்த வீட்டில் மருமகள் சோறு போடுவதில்லை, யார் மாத்திரையை வாங்கி அரிசிப்பானையில் போட்டு வைத்திருக்கிறார்கள், அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அவள் அறிந்தது டாக்டர் காதுக்குப் போகிற மாதிரித் தெரியவில்லை. நீ உன் பக்கத்து அக்காவை மாசத்துக்கு ஒருதரம் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசச் சொல்லிக் கேள். ஸ்கேனில் வராதது வரும்.

அப்புறம் கூச்சம். கீழவீட்டு ஆச்சி, கர்ப்பப்பை அடி இறங்கிப்போய், எட்டு வருஷமாகத் துணியை வைத்துக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறது. பின்னால் வரிசை நிற்கும்போது எப்படிச் சொல்லும்? அதுவும் காது கேட்காத ஆளிடம் நீங்கள் கத்திக் கேட்டால் வராந்தா முழுக்கக் கேட்கும். உன் அம்மாவிடம் ஒருநாள் கதிரடிக்கும்போதுதான் சொன்னதாம்.

இப்போது உனக்குப் பிடிக்காத விஷயம். ஆறு வருஷத்தில் நம்ம பி.எச்.சி.யில் அஞ்சு டாக்டர் மாறியாச்சு. பையைக் கொட்டிப் பார்த்த அந்தப் பொண்ணும் மேற்படிப்பு கிடைத்துப் போய்விட்டது. அரசு டாக்டர்களுக்கு 50 சதவீதம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், போகாமல் என்ன செய்யும்? அப்பத்தா அதற்குப் பிறகு மூணு மாசம் பி.எச்.சி. பக்கம் போகவில்லை. "இன்னொருத்தருக்கு முதல்ல இருந்து சொல்லணுமா" என்கிறது. என் ஊருக்கு ஒரே டாக்டர் பத்து வருஷம் இருக்கணும் என்று கிராமசபையில் எழுந்து பேசினவன் நான். வீட்டுக்கு வந்து உனக்குப் போன் போட்டு, நீட் பி.ஜி.க்குப் படிக்கிறாயா என்று கேட்டவனும் நான்தான். இரண்டில் எது பொய் என்று கேட்காதே, இரண்டும் நிஜம். குடும்ப மருத்துவம் என்றே டி.என்.பி. என்கிற மேற்படிப்பில் மூணு வருஷப் படிப்பு இருப்பதாக நீ ஒருதரம் சொன்னாய், அதை யாரும் மதிக்க மாட்டார்கள் என்றும் சொன்னாய். அப்பத்தா மதிக்கும். வேறென்ன சொல்ல.

நீ போவாய், போகணும். போகும்போது அவர்கள் நோட்டில் நாலு வரி எழுதிவிட்டுப் போ. இடது காது கேட்காது, தனியாக இருக்கிறார், மாத்திரையைக் கலர் பார்த்துத்தான் எடுப்பார், பத்தரைக்குத்தான் சாப்பிடுவார். அடுத்து வருகிற பிள்ளை முதலிலிருந்து கேட்க வேண்டாம்.

அரிசி முறுக்கு பார்சலில் போட்டிருக்கிறது, உன் நர்ஸம்மாவுக்கும் கொடு.

முடிக்கலாம் என்று பார்த்தேன், இன்னொன்று. நாலஞ்சு மாசமாக நானும் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன். சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது, முக்க வேண்டியிருக்கிறது. சுகர் பார்த்தாச்சு, வெறும் வயிற்றில் 104. போன வாரம் ஓ.பி.க்குப் போய் பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன். எங்கே காட்டணும் என்று சொல், கதிரறுப்பு முடிந்ததும் போகிறேன். போனில் வேண்டாம், உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். எழுதி அனுப்பு.

அப்பா