கிளட்ச் பிடித்துக்கொண்டால் சம்மட்டி எதற்கு?

ஆசிரியருக்கு,

வணக்கம். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கொட்டகைகளில் முடங்கிக் கிடந்த அம்பாசடர், பத்மினி கார்களை மறுபடி ஓட்டிப் பார்க்கும் ஆசை இளைஞர்களுக்கு வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கிளட்ச் துருவேறி விடாமல் பிடித்துக்கொண்டது என்றாலே சம்மட்டியைத் தூக்கிவிடுகிறார்கள். அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுபோனது. பத்மினி அதற்கும் முந்தியே. கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் உறை உடைந்தால் பழைய இரும்புக்கடைதான் கதி.

எது பிடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் ஃபோர்க்கை, அதாவது கிளட்சை விடுவிக்கும் கவையை, கவனிக்கட்டும். ஃபோர்க் முழுசாக நகர்ந்தும் கியர் விழாவிட்டால், பெரும்பாலும் கிளட்ச் பிளேட், இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு துருவால் ஒட்டியிருக்கும். பெடலே அசையாவிட்டால் கோளாறு ஃபோர்க்கைத் தாங்கும் ஷாஃப்டிலோ, பெடலை அதோடு இணைக்கும் லிங்கிலோதான்.

பிளேட் ஒட்டியிருந்தால், நியூட்ரலில் இன்ஜினை நன்றாகச் சூடேற்றி அணைத்துவிட்டு, பெடலை முழுக்க அழுத்தி சீட்டுக்கும் அதற்கும் நடுவே கட்டை முட்டுக்கொடுங்கள். காலையில் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் பல நேரம் விட்டுவிடும். கியரில் போட்டு செல்ஃப் ஸ்டார்ட்டர் அடிக்கும் வைத்தியம் வேண்டாம். ஆக்ஸில் முறியலாம், வண்டி சுவரில் ஏறலாம். உள்ளே மண்ணெண்ணெயும், துரு இளக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள். பிளேட்டின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங் எண்ணெயைக் குடித்தால் அப்புறம் பிடிமானமில்லாமல் ஸ்லிப்தான்.

கியர்பாக்ஸை இறக்கும்போது அதன் ஷாஃப்ட்டிலுள்ள ஸ்ப்லைன் பள்ளங்கள், பிளேட்டின் நடுத்துளையான ஹப்போடு துருவேறி வர மறுக்கும். கியர்பாக்ஸின் பாரம் ஷாஃப்டில் ஒருபோதும் தொங்கக் கூடாது, பிளேட் வளைந்துவிடும், ஜாக்கில் தாங்குங்கள். அடித்தகடு கழற்றக்கூடிய வண்டியானால், இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டைச் சுற்றிச் சுற்றி, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக அரைச் சுற்றாகத் தளர்த்தி, கியர்பாக்ஸை பிளேட்டோடு சேர்த்தே இறக்கலாம். வெளியே எடுத்தபின் லைனிங்கில் படாமல் எண்ணெய் ஊறவிட்டு ஹப்பை மட்டும் மிதமாகச் சூடாக்குங்கள். சிவக்கவிட்டால் ஷாஃப்ட்டின் கடினம் போய்விடும்.

ஃபோர்க் ஷாஃப்ட் அலுமினிய ஹவுசிங்கில் இறுகியிருந்தால், பூட்டுப்பின்னை அதன் மெல்லிய முனையிலிருந்து தட்டி எடுங்கள். பிறகு ஹவுசிங்கைச் சூடேற்றுங்கள். தண்ணீர் தெளித்தால் துளி துள்ள வேண்டும், அதுபோதும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஷாஃப்டை இழுக்காதீர்கள், இடமும் வலமுமாகத் திருகுங்கள். ஃபோர்க் தள்ளும் கார்பன் வளையமான அம்பாசடரின் ரிலீஸ் பேரிங்கை முன்பே கழற்றி வையுங்கள். ஒரு தட்டுக்குப் பிளந்துவிடும்.

கிராங்க் முனையில் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ்ஷைக் கழற்ற உளி வேண்டாம். குழி நிறைய கிரீஸ் அடைத்து, துளைக்குச் சிக்கென்று பொருந்தும் கம்பியைச் செருகி அடித்தால் கிரீஸின் அழுத்தமே புஷ்ஷைப் பின்னாலிருந்து வெளியே தள்ளும். புது வெண்கலப் புஷ்ஷை ஒருநாள் இன்ஜின் ஆயிலில் ஊறவையுங்கள். ஸ்ப்லைனில் கிரீஸ் பூசினது தெரியாத அளவுக்கு இருந்தால் சரி.

பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஏர் அடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பல பட்டறைகளில் இன்னும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை நிறுத்திவைப்பதானால், பிளேட் ஒட்டாமலிருக்க கிளட்ச் பெடலை அழுத்திக் கட்டை கொடுத்துவிடுங்கள். சில டிராக்டர்களில் இதற்கென்றே கொக்கி உண்டு.

— பழைய கார் மெக்கானிக்,
திருநகர், மதுரை